சிவக்கொழுந்து மிஸ்ஸின் வினாத்தாள்

...படிச்ச சனம் எண்டு சொல்ல வாய் கூசுது அண்ணை. பி.ஏ., டிப்ளோமா, இருபத்தஞ்சு வருஷச் சேவை. ஒரு மவுஸைப் பிடிக்கத் தெரியாது. சமயம் படிப்பிக்கிற நேசம் மிஸ் எண்டு ஒராள். மவுஸை இழுத்து இழுத்து மேசைக் கரைக்கு வந்திட்டா. "சேர், மேசை முடிஞ்சு போச்சு, இனி எங்கை போறது?" எண்டு என்னிட்டைக் கேக்கிறா. நான் என்ன, தச்சு வேலையே செய்யிறன்?

இருங்கோ, இருங்கோ, உங்கடை நம்பர் கூப்பிட இன்னும் நேரம் கிடக்கு. ஐடென்ரிற்றி கார்ட் துலைஞ்ச முறைப்பாடுதானே? பொலிஸில அதுக்கு அரை நாள் போகும். நான் நாகேந்திரம். வெள்ளவத்தையில ஒரு பள்ளிக்கூடத்தில கொம்பியூட்டர் அறைக்குப் பொறுப்பு. பத்துக் கொம்பியூட்டர். அதில ஏழு வேலை செய்யும். ரீச்சர்மாருக்கும் பிள்ளையளுக்கும் அதைப் பழக்குறது என்ரை வேலை. பழக்குறது... ம்... சுவருக்குப் பழக்கலாம்.

ஒஸ்வால்ட் சேருக்கு ஈமெயில் வந்தால் என்ன செய்வார் தெரியுமோ? அதைப் பிறின்ட் எடுத்து, பின்பக்கத்தில பேனையால பதில் எழுதி, "இதை அனுப்பிவிடும் ஐசே" எண்டு என்ரை மேசையில வைச்சிட்டுப் போவார். அழகர் மாஸ்டர் பாஸ்வேர்டைக் கரும்பலகையில எழுதி, கீழை 'அழிக்க வேண்டாம்' எண்டும் போட்டிருக்கிறார். பெட்டி கட்டி வேறை. பிள்ளையள் திறம் எண்டு நினையாதேங்கோ. அதுகளுக்குக் கார் ஓட்டுற கேம் தெரியும். தன்ரை பேரைத் தமிழில அடியெண்டால் திருதிருவெண்டு முழுசும்.

என்ன? நான் ஏன் இஞ்சை வந்தனானோ? அதைத்தானே சொல்ல வாறன். அந்த மூலை அறை தெரியுதே, நீலத் திரை போட்டது? அதுக்குள்ளை எங்கடை சிவக்கொழுந்து மிஸ் இருக்கிறா. காலமை எட்டரைக்குப் பிடிச்சது. ஐம்பத்தெட்டு வயசு. சீனி வருத்தம். சாப்பிட்டாவோ தெரியாது.

நடந்தது இதுதான். எட்டாம் வகுப்புத் தவணைச் சோதனைக்குத் தமிழ்ப் பேப்பர் அடிச்சவ. ஒரு விரலாலை, நாலு நாள். பள்ளிக்கூடப் பிறின்டரில மை இல்லை. பென் டிரைவில போட்டுக்கொண்டு பம்பலப்பிட்டியில பிறின்ட் எடுக்கிற ஒரு கொமினிகேசன் கடைக்குப் போயிருக்கிறா. வழியில சென்றி, ஆக்களை மறிச்சுச் சோதிக்கிற இடம். பையைக் கொட்டச் சொல்லியிருக்கிறாங்கள், பென் டிரைவ் விழுந்திட்டுது. இஞ்சை கொண்டுவந்து தங்கடை கொம்பியூட்டரில திறந்தால் தமிழே இல்லை. ஏ, எஃப், அரைப்புள்ளி, கே, கமா எண்டு நாலு பக்கம்.

எங்கடை தமிழ் ஃபொன்ட் அப்பிடித்தான் அண்ணை. உள்ளுக்கை கிடக்கிறது இங்கிலீஸ் எழுத்து. ஃபொன்ட் அதுக்குத் தமிழ்ச் சட்டை போட்டுவிடும். ஃபொன்ட் இல்லாத கொம்பியூட்டரில சட்டை இல்லை. அவங்கள் என்னத்தைக் கண்டாங்கள்? சங்கேத பாஷை எண்டு பிடிச்சு வைச்சிட்டாங்கள். அது 'கீழ்வரும் பந்தியை வாசித்து விடை தருக'. பிறகு ஒரு கட்டுரை, 'நான் விரும்பும் பறவை'. இதை வைச்சு ஆர் குண்டு வைக்கிறது?

ஆர் இப்பிடி அடிக்கப் பழக்கினது எண்டு நாலைஞ்சு தரம் கேட்டவங்களாம். என்ரை பேரை மிஸ் சொல்லேல்லையாம். பிரின்சிப்பல் போனில சொன்னவர்.

நான் ஒழுங்காப் பழக்கினனான். சேவ் பண்ண, பென் டிரைவைக் கழட்ட, எல்லாம். ஃபொன்டோ... ஃபொன்டை நான் ஒருத்தருக்கும் குடுக்கிறேல்லை. ஆளுக்கொரு சீடி அடிச்சுக் குடும் எண்டு பிரின்சிப்பல் சொன்னவர்தான். குடுத்தால்? வீட்டிலை அடிப்பினம், கடையில அடிப்பினம், பிறகு என்ரை கதவை ஆர் தட்டுறது? பதினாலு வருஷம் அந்தப் பள்ளிக்கூடத்தில பதிவேடு எழுதுற கிளாக்காக் குந்தியிருந்தனான். ஒருத்தருக்கும் என்ரை பேர் தெரியாது. கொம்பியூட்டர் வந்த பிறகுதானே நாகேந்திரம் சேர், நாகேந்திரம் சேர்.

மிஸ் கேட்டவதான். நேசம் கேக்காதது, ஒஸ்வால்ட் கேக்காதது, இந்த மனிசி கேட்டது. "சேர், இது கடையில திறக்குமோ?" எண்டு. திறக்காது எண்டு எனக்குத் தெரியும். "எழுத்தென்ன, றோட்டிலை கொட்டுண்டு போமோ? கொண்டு போங்கோ" எண்டு சொல்லிவிட்டன். திறக்காட்டித் திரும்பி வருவா, வந்து கெஞ்சிக் கேப்பா எண்டு பாத்தன். பொலிஸ் திறந்து பாக்கும் எண்டு நான் கண்டனே?

என்ன அப்பிடிப் பாக்கிறியள்? உள்ளை போய்ச் சொல்லலாம்தான். பள்ளிக்கூடத்தாலை அதுக்குத்தான் அனுப்பினவை. ஃபொன்ட் சீடி இந்தா, சேட்டுப் பொக்கற்றிலை கிடக்கு. ரெண்டு நிமிஷ வேலை. போட்ட உடனை எல்லாம் தமிழாகும், அவங்களிட்டையே வாசிக்கத் தமிழ் ஆள் இருக்கு. ஆனால் அதோடை விடுவாங்களோ? நீ ஆர், எடு கார்டை எண்டுவாங்கள். என்ரை கார்டிலை பிறந்த இடம் கிளிநொச்சி, சண்டை நடக்கிற பக்கம். அவவுக்குக் கொழும்பு. அவவை விட்டிட்டு என்னை வைச்சிருந்தால்?

பத்து மணியிலையிருந்து இந்த வாங்கிலைதான் இருக்கிறன். மனசு வராமல் இல்லை. ரெண்டு தரம் எழும்பினனான். ரெண்டு மணிக்கு வான் வருமாம், அவவை வேறை இடத்துக்குக் கொண்டு போக. இப்ப... ஒண்டே முக்கால். எல்லாம் இந்தப் படிச்ச சனத்தாலை. கொம்பியூட்டர் தெரியாட்டிப் பேசாமல் கையாலை எழுதியிருக்கலாம்...

ஏன் எழும்புறியள்? உங்கடை நம்பர் கூப்பிடேல்லை. அங்கை போகாதேங்கோ, அது பெரிய பொலிஸ் ஐயாவின்ரை மேசை. அண்ணை... அட, சிங்களம் இவ்வளவு வடிவாக் கதைப்பியளோ. அண்ணை... என்ன சொல்லுறியள் அவருக்கு? ஏன் என்னைக் காட்டுறியள்?