பத்துக்கு அஞ்சரை

— பத்தொம்பது மணி நேரம், டாக்டரம்மா. இன்னும் நாலு நிமிஷம் சேத்துக்குங்க.

— கடைசியா முழுங்கினதுல இருந்தா?

— ஆமா. நேத்து மூணரைக்கு, பாதி வாழைப்பழம். மீதிப் பாதி காம்பு பக்கம் கொஞ்சம் கன்னிப்போயிருந்தது.

— எழுதிக்கறேன். அதுக்கப்புறம் வாய்க்குள்ள எதுவுமே போகலையா?

— அப்படிக் கேளுங்க. வாய்க்குள்ள போனது நெறைய. இன்னைக்குக் காலையில பேக்டரில மட்டும் பதினோரு வகை பிஸ்கட்.

— ஆனா எதுவும் உள்ள போகல.

— உள்ள போனா அது வேலை இல்லையே, சாப்பாடு. நான் ருசி பாக்கற ஆளு. இருபது வருஷ சர்வீஸ். கடிக்கணும், மெல்லணும், நாக்குல ஒரு சுத்து விடணும், கிண்ணத்துல துப்பணும், வெந்நீர்ல கொப்புளிக்கணும், பத்துக்கு மார்க் போடணும். முழுங்க ஆரம்பிச்சா நாலாவது பிஸ்கட்லயே நாக்கு தூங்கிடும். அங்க எல்லாரும் என்னை ‘நாக்கு சார்’னுதான் கூப்பிடுவாங்க. என் நெசப் பேரு மேனேஜருக்கே தெரியாது.

— பேக்டரில துப்பறீங்க, சரி. வீட்ல?

— வீட்லயும் அதே நாக்குதானே, டாக்டரம்மா. கழட்டி லாக்கர்ல வச்சுப் பூட்டிட்டா வர முடியும்?

— அப்ப வீட்லயும் கிண்ணமா?

— சின்னதா ஒண்ணு, எவர்சில்வர்ல. வீட்டுக்காரி மொதல்ல தூக்கி வீசினா. அப்புறம் பழகிட்டா. இப்பல்லாம் நான் மார்க் சொல்லலேன்னாத்தான் கோவம் வருது.

— வீட்ல எத்தனை வருஷமா இப்படி?

— ஆறு, ஏழு இருக்கும். தொழில் தோஷம். கணக்கு வாத்தியார் வீட்லயும் கணக்குப் பாக்கறதில்லையா?

— பேக்டரில துப்பறது வேலை சார். வீட்ல துப்பறது நோய்.

— ரெண்டுக்கும் நடுவுல ஒரே ஒரு பஸ்தான் இருக்கு.

— அந்த பஸ்லதான் ஏதோ நடக்குது. நான் ஊசி போடற டாக்டர் இல்ல, பேச வைக்கற டாக்டர். இந்தப் படிவத்துல சில கேள்வி இருக்கு, சாப்பாட்டை ஒதுக்கற எல்லார்கிட்டயும் கேக்கறதுதான். சாப்பிட்டதும் குற்ற உணர்ச்சி வருமா?

— என்ன பிஸ்கட்டுன்னு சொல்லுங்க.

— கண்ணாடி பாக்கறதைத் தவிர்ப்பீங்களா?

— முடி கொட்டினதுல இருந்து கண்ணாடிதான் என்னைத் தவிர்க்குது.

— மாதவிலக்கு ஒழுங்கா... இதைத் தாண்டிடலாம்.

— ஏன் தாண்டறீங்க? தைரியமாக் கேளுங்க. இதுவரைக்கும் வந்ததில்லன்னு எழுதுங்க.

— மன்னிக்கணும். இந்த நோய்க்கு வர்றது பெரும்பாலும் வயசுப் பொண்ணுங்க; ஆம்பளை ஒருத்தர் இந்த நாற்காலில வந்து உக்காருவார்னு இதைத் தயார் பண்ணவங்க நினைக்கல.

— நானே நினைக்கலையே! வெளிய பெஞ்சு பூரா காலேஜ் பொண்ணுங்க. ஒரு பொண்ணு, ‘அங்கிள், யாரைக் கூட்டிட்டு வந்திருக்கீங்க?’ன்னு கேக்குது.

— என்ன சொன்னீங்க?

— குழாய் ரிப்பேர் பண்ண வந்தேன்னேன். உடனே இன்னொரு பொண்ணு, ‘பாத்ரூம் அந்தப் பக்கம்’னு வழி காட்டுது. போய் ரெண்டு நிமிஷம் நின்னுட்டு வந்தேன்.

— சிரிச்சுட்டேன். இப்ப இதைப் பாருங்க. உங்க இதயத்தோட ரிப்போர்ட். ரொம்ப மெதுவா அடிக்குது. எட்டு வாரம் தினமும் இங்க வரணும், மூணு வேளையும் எங்ககூட உக்காந்து சாப்பிடணும், அதுவரைக்கும் ருசி பாக்கற வேலை கூடாதுன்னு பெரிய டாக்டர் எழுதியிருக்கார். இதுக்கு மேல தள்ளிப்போட்டா வார்டுல படுக்க வைக்கணும். உயிர் விஷயம் சார்.

— எட்டு வாரமா! அந்த மேசையை எட்டு நாள் விட்டேன்னா, என் இடத்துல ஒரு மிஷினைக் கொண்டாந்து வச்சிடுவாங்க. இப்பவே அதுல ஒண்ணை வரவழைச்சு ஓட்டிப் பாக்கறாங்க. அது லீவும் கேக்காது, மயங்கியும் விழாது.

— பயமா இருக்கா?

— மிஷினுக்கு என்ன தெரியும்? வெண்ணெய் பழசுன்னா மூக்குக்குப் பின்னாடி ஒரு குறுகுறுப்பு வரும் பாருங்க, அது அதுக்கு வருமா? சரி, ஒரு பேச்சுக்கு வருவோம். நாலு வாரம். சாயங்காலம் மட்டும்.

— இது காய்கறிக் கடை இல்ல சார்.

— அஞ்சு. அதுக்கு மேல கட்டுப்படி ஆகாது.

— இந்தத் தட்டுல ரெண்டு பிஸ்கட் இருக்கு. உங்களுக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணு. சேந்து சாப்பிட்டுப் பாப்போம்.

— அடப்பாவமே, எங்க எதிரி கம்பெனி சரக்கு! நல்லா இருக்கற ஆளுக்கே இது இறங்காது.

— முழுங்கியே ஆகணும்னு இல்ல. குப்பைத்தொட்டி உங்க காலடிலயே இருக்கு. உள்ள என்ன நடக்குதுன்னு மட்டும் சொல்லுங்க.

— சரி, கடிக்கறேன். ம்... மேல்பக்கம் ரெண்டு நிமிஷம் அதிகமா வெந்திருக்கு. சர்க்கரை முந்திக்குது, உப்பு ஆடி அசைஞ்சு வருது. நீங்க என்ன, ஒரே கடியில முடிச்சுட்டீங்க?

— எனக்குப் பசி. நீங்க சொல்லுங்க.

— இப்ப தொண்டைகிட்ட வந்து நிக்குது.

— நிக்கட்டும். என்ன சொல்லுது?

— பிஸ்கட்டா?

— தொண்டை.

— ஒரு நிமிஷம். தொட்டி...

— இருக்கு. மெதுவா.

— மன்னிச்சுக்குங்க. பத்துக்கு அஞ்சரை.

— யாருக்கு?

— பிஸ்கட்டுக்குத்தான். பின்ன யாருக்கு?

— தெரியல. அதான் கேட்டேன்.

— துப்பினா நான் மார்க் போடற ஆளு, டாக்டரம்மா. முழுங்கிட்டா வெறும் பசிச்ச ஆளு. சின்ன வயசுல எங்க வீட்ல எனக்குப் பேரே ‘அண்டா’. ரெண்டாவது தடவை தட்டை நீட்டினா, அண்ணனுங்க மூணு பேரும் மேசையில தாளம் போட்டு ‘அண்டா, அண்டா’ன்னு பாடுவாங்க. அம்மாவும் சேந்து சிரிப்பாங்க. பாட்டு நல்லாத்தான் இருக்கும், அதைச் சொல்லணும்.

— எழுதிக்கட்டுமா?

— எழுதிக்குங்க. தாளத்தை மட்டும் விட்டுடுங்க.

— இன்னும் ஒரே ஒரு கேள்வி. ஏன் இப்ப வந்தீங்க?

— வீட்டுக்காரி நச்சரிப்பு தாங்கல.

— வீட்டுக்குப் போன் பண்ண வேண்டாம், அவங்களுக்குத் தெரியாதுன்னு வெளிய சீட்டுல எழுதிக் குடுத்திருக்கீங்க.

— எழுதினதையெல்லாம் படிக்கற டாக்டரை இப்பதான் பாக்கறேன். சரி, பெல்ட்டு. ஓட்டை போட இனிமே இடமே இல்ல.

— அதுக்குக் கடைக்குப் போவாங்க. இங்க வர மாட்டாங்க.

— மேசையிலயே மயங்கி விழுந்தேன். போதுமா?

— அது மூணு மாசத்துக்கு முந்தி. அன்னைக்கு இந்த ஆஸ்பத்திரில எடுத்த ரிப்போர்ட்தான் இது. அப்ப நீங்க வரல. நாங்க ரெண்டு தடவை கூப்பிட்டோம், ‘ராங் நம்பர்’னு வச்சிட்டீங்க.

— குரலை மாத்தித்தானே பேசினேன்! எப்படிக் கண்டுபிடிச்சீங்க?

— நேத்து சாயங்காலம் நீங்களாவே கூப்பிட்டீங்க. நாளைக்கே வேணும், மொத ஆளா வேணும்னீங்க. நேத்து என்ன ஆச்சு?

— நேத்து நல்ல மழை.

— சார்.

— ஜோக்கு தீந்துபோச்சு, டாக்டரம்மா.

— தீரட்டும். நான் இங்கதான் இருக்கேன்.

— அந்தக் காகிதத்தைக் குடுங்க. எட்டு வாரத்துக்கும் கையெழுத்துப் போட்டுடறேன். மிஷின் வந்தா வரட்டும். இந்தக் கேள்வியை மட்டும் விட்டுடுங்க.

— கையெழுத்துப் போடுங்க, சந்தோஷம். கேள்வி எங்கயும் போகாது, நாளைக்கும் இங்கயேதான் இருக்கும்.

— நீங்க... சின்னக் குழந்தைங்களையும் பாப்பீங்களா?

— பாப்பேன். எத்தனை வயசுக் குழந்தை?

— ஆறு. பள்ளிக்கூடத்துல எடை பாத்துட்டு, ரொம்பக் கம்மியா இருக்குன்னு நேத்து சீட்டு அனுப்பியிருக்காங்க.

— யாரு சார் அது?

— என் பொண்ணு. அவளும் முழுங்கறதில்ல. மொத தடவை அவ மென்னு துப்பிட்டு, ‘பத்துக்கு எட்டுப்பா’ன்னு சொன்னப்ப, பெருமையாக் கை தட்டினது நான்தான், டாக்டரம்மா.