ஜெயிலில் எடுத்த எச்சில்

புத்தூரிலிருந்து திருப்பதி போகிற பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பேர். ஜன்னலோரத்துக்காரர் கையில் புத்தூர் கட்டு.

"ஜெயில்ல எடுத்த எச்சிதான் மச்சான் என்னைக் காப்பாத்திச்சி" என்றார். அதற்கப்புறம் நான் போனைப் பார்க்கவில்லை.

"இன்னா சொல்றே?"

"திருட்டு கேஸ்ல உள்ள இருந்தப்போ, டிஎன்ஏவுக்குன்னு வாயில பஞ்சுக் குச்சி உட்டு எடுத்தாங்க இல்ல? போன மாசம் நகரியில ஒரு வீட்ல திருட்டு. ஒடைஞ்ச ஜன்னல் கண்ணாடியில ரத்தம். நான் கையில கட்டோட போய்க்கினு இருந்தேனா, போலீஸ் புடிச்சிக்கினு போயிட்டாங்க. கட்டை அவுத்துக் காட்டுன்னாங்க. அவுத்தா எலும்பு சேராது சார்னேன். சந்தேகம் இன்னும் ஜாஸ்தியாச்சி."

"அப்புறம்?"

"அந்த ரத்தத்தையும் என் எச்சியையும் ஒத்துப் பாத்தாங்க. நான் இல்லைன்னு உட்டுட்டாங்க. அன்னிக்கு எச்சி எடுத்த புண்ணியவான் நல்லா இருக்கணும். அவர எவ்ளோ திட்டினேன்!"

"சரி, இப்ப எங்க இவ்ளோ அவசரமா?"

"வக்கீல் வீட்டுக்கு. தண்டனை ஆனவனா இருந்தாலும் சம்மதம் இல்லாம எச்சி எடுத்தது செல்லாது, அத்த அழிச்சிடணும்னு கேஸ் போட்டிருந்தேனே?"

"ஆமா."

"அத வாபஸ் வாங்கணும். அவரு ஜெயிச்சித் தொலைக்கறதுக்குள்ள."