முழு மார்க்

இல்லைங்க தம்பி, பக்கத்து வீட்டுக்காரங்க யாரும் எங்க வைஃபையைத் திருடலை. அவங்ககிட்ட நம்மளைவிட வேகமான லைன் இருக்கு, இங்க வந்து எதுக்குத் திருடணும்? பாஸ்வேர்டை மாத்தணும், அவ்வளவுதான். நானே மாத்தியிருப்பேன். வைஃபை பெட்டி உங்க கம்பெனியோடது, உள்ள போகணும்னா எங்க ஆளுதான் வரணும்னு போன்ல சொல்லிட்டாங்க. அதைச் சொல்றதுக்குள்ள ஒண்ணை அழுத்து, ரெண்டை அழுத்துன்னு அரைமணி நேரம். செருப்பு ஸ்டாண்டு மேல இருக்கு பாருங்க, அதுதான். அந்த ஸ்டூல் வேண்டாம், ஆடும். இதுல உக்காருங்க.

கொஞ்சம் மெதுவாப் பேசுவோம், உள்ள அப்பா படுத்திருக்காரு. தூங்கலை, அவரு எங்க தூங்கறாரு. ரெண்டு வருஷமாச்சு, வலது கையும் காலும் வராது. பேச்சு லேசாக் குழறும். ஆனா புத்தி இருக்கே, கத்தி. கணக்கு வாத்தியார், முப்பத்தெட்டு வருஷம்.

எனக்கு இந்த மேஜைதான் ஆபீஸ். சாஃப்ட்வேர் டெஸ்டிங். அடுத்தவங்க செஞ்சதுல எங்க தப்புன்னு தேடிப் பிடிச்சுச் சொல்ற வேலை. ஆமா, சிநேகிதங்க கம்மிதான்.

அந்த சூட்கேஸா? ஊருக்குப் போகன்னு வாங்கினது. அட்டையைக்கூடக் கழட்டலை. முறைப்படி பாத்தா போன மாசமே நான் இங்க இருந்திருக்கக் கூடாது.

எனக்கு ஒரு தங்கச்சி. வெப்சைட்டுக்குப் படம் வரைவா. அவளுக்கும் எனக்கும் கல்யாணம் ஆகலை, அது தனிக் கதை, விடுங்க. அப்பா விழுந்ததுலேர்ந்து ரெண்டு பேருமாப் பாத்துக்கிட்டோம். அவரை ஒருத்தி தூக்கினா ஒருத்தி படுக்கையை மாத்துவோம். வருஷம் ஓடறதுக்குள்ள ரெண்டு பேருக்கும் இடுப்பு போச்சு, வாயும் நீண்டு போச்சு. தொட்டதுக்கெல்லாம் சண்டை. அப்பதான் அவ சொன்னா, அக்கா, நம்ம வேலைக்கு ஒரு லேப்டாப் போதும், வருஷத்துக்கு ஒருத்தியா வெளில போய் மூச்சு விட்டுட்டு வருவோமேன்னு. டிஜிட்டல் நோமேட்னு பேராம். நாடோடிதான் தம்பி, கரண்ட் கேக்கற நாடோடி.

சின்னவ முதல்ல போகட்டும்னு நான்தான் சொன்னேன். ஒரே ஒரு கண்டிஷன். இங்கேருந்து போன் போனா, ஒரு நாளைக்குள்ள வீட்டு வாசல்ல வந்து நிக்கணும்.

எந்தப் பக்கம் போறதுன்னு உலகத்தையே கூறு போட்டோம். தென்கிழக்கு ஆசியா, கிழக்கு ஐரோப்பா, தென் அமெரிக்கா, இன்னும் நாலஞ்சு. எல்லாரும் திறந்து மாத்தற மாதிரி நான் நெட்ல ஒரு ஷீட் போட்டேன். நெட் வேகம், வாடகை, விசா எத்தனை நாளு, பொம்பளை தனியா நடக்கலாமா, கடைசியில வீடு வந்து சேர எத்தனை மணி நேரம். ஒவ்வொண்ணுக்கும் பத்துக்கு மார்க். கூட்டினா எது மேல வருதோ அங்க போறது. அப்பா டேப்லெட்லயும் அதைப் போட்டுக் குடுத்தேன். மோட்டுவளையைப் பாத்துக்கிட்டுக் கிடக்காரே, கூட்டலாவது பாக்கட்டும்னு.

மார்க் விஷயத்துல எங்க வீட்டுக்கு அவருதான் கோர்ட்டு. ஒம்பதாவதுல நான் அவரு வகுப்பு. கணக்குல ஒரு மார்க்ல போச்சு. ஒண்ணே ஒண்ணு. மத்த வாத்தியாருங்க வீட்டுக்கே வந்து கேட்டாங்க, உங்க பொண்ணுதானே சார்னு. மார்க்னா மார்க்தான்னுட்டாரு. மறுபடி ஒரு வருஷம் அதே வகுப்பு, அதே பெஞ்சு. கோவமா? எனக்குப் பெருமை தம்பி. எங்கப்பா நேர்மைக்கு அந்த ஒரு மார்க்கைத்தான் ஊரெல்லாம் சாட்சி சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன்.

அந்த லைட்டு எப்பவும் அப்படித்தான் சிமிட்டும், சிவப்பு வந்தாத்தான் கவலை.

என்ன சொல்லிக்கிட்டிருந்தேன்? ஆங், ஷீட். கடைசிக் கட்டம் தலைகீழா நின்னுது. நாலு மணி நேரத்துல வந்துடற ஊருக்கு ரெண்டு மார்க். முப்பது மணி நேரம் பறந்து வர வேண்டிய தென் அமெரிக்காவுக்கு ஒம்பது. தங்கச்சி அவசரத்துல மாத்திப் போட்டுட்டான்னு திருத்தினேன். மறுநாள் பாத்தா திரும்பவும் தலைகீழ். நான் தொடலைக்கான்னா. நீ தொடாம பேயாடி வந்து தொடுதுன்னு கத்தினேன். திருத்தினேன். மூணாவது தடவையும் அதே கதை. சோம்பேறி, பொய்க்காரின்னு வாய்க்கு வந்ததையெல்லாம் கேட்டேன். அழுதுட்டா.

இருங்க, கரண்டி சத்தம் கேக்குதா? கட்டில் கம்பியில தட்டுவாரு. வரேன்ப்பா! லைன் பாக்க ஆளு வந்திருக்குப்பா!

ஒண்ணுமில்லை, தலகாணி நழுவிடுச்சாம். நீங்க பாருங்க.

டிக்கெட் எடுக்கற வாரம் எனக்கு ஆபீஸ்ல கழுத்தை நெறிக்கற வேலை. கடைசிக் கூட்டலை அப்பா பாக்கட்டும்னு விட்டுட்டேன். தென் அமெரிக்கா, ரெண்டு மார்க் கூடன்னாரு. அவ்வளவு தூரமாப்பா, ஒரு நாளைக்குள்ள வந்து சேர முடியாதேன்னேன். மார்க்னா மார்க்தான்னாரு. அதுக்கு மேல எங்க வீட்டுல யாரு பேசறது? ஒரு வருஷம்தானேன்னு வழியனுப்பி வச்சேன்.

வருஷம் முடிஞ்சுது. அடுத்து என் முறை. வெளில இருந்து வேலை பாக்க ஆபீஸ்ல நாலு மாசம் கெஞ்சி அனுமதி வாங்கி வச்சிருக்கேன். இந்த மாசக் கடைசிக்குள்ள கிளம்பலைன்னா அது செல்லாது. இன்னும் ஒம்பது நாள். இவ என்னடான்னா விசா நீட்டிட்டேங்கறா, வீடு எடுத்துட்டேங்கறா. என்னடி, என் முறை என்னாச்சுன்னேன். அதுக்கு அவ சொல்றா, அப்பாதான்க்கா திரும்பி வராதேன்னாரு, உனக்கும் தெரியும்னுல்ல நெனச்சேன்னு.

நான் நம்பலை. சும்மா பழி போடறான்னு நெனச்சேன். அவளை வாயடைக்கணும்னுதான் நேத்து அந்த ஷீட்டோட பழைய மாத்தமெல்லாம் எடுத்துப் பாத்தேன். யாரு, எப்ப, எதை மாத்தினாங்கன்னு அதுல வரிசையா இருக்கும். ஆபீஸ்ல தினம் முதல் வேலையா அதைத்தான் பாக்கறேன். வீட்டுல ஒரு வருஷமாப் பாக்கணும்னு தோணலை பாருங்க. எல்லாம் அப்பா டேப்லெட்லேர்ந்து, மத்தியானம் ரெண்டுலேர்ந்து ரெண்டரைக்குள்ள. நான் துணி காயப்போட மாடிக்குப் போற நேரம். இடது கை, ஒத்தை விரல். அந்த விரலுக்கு நகம் வெட்டி விடறது யாரு? நான்தான்.

போகட்டும், சின்னவ பொழைச்சுப் போகட்டும்னு நெனச்சிருப்பாரு. அதைக்கூட விழுங்கிடுவேன் தம்பி. அது பக்கத்துலயே எனக்குன்னு தனியா ஒரு ஷீட் போட்டு வச்சிருந்தேன், என் முறைக்கு. அதையும் திறந்தேன். நான் போட்ட மார்க் ஒண்ணுகூட இல்லை. எல்லா ஊருக்கும் முட்டை. கீழ புதுசா ஒரு வரி சேத்திருக்காரு. வீடு-ன்னு. நெட் வேகம் பத்து. வாடகை பத்து. தனியா நடக்கலாமா, பத்து. வீடு வந்து சேர எத்தனை மணி நேரம், அதுக்கும் பத்து. கூட்டி, அடியில கோடு வேற போட்டிருக்காரு.

எங்கப்பா கையால நான் வாங்கின முழு மார்க் அது ஒண்ணுதான்.

எத்தனை கனெக்‌ஷன் காட்டுது, மூணா? ஒண்ணு என் லேப்டாப்பு, ஒண்ணு போன். ஆமா, மூணாவதுதான், அப்பா டேப்லெட்டு. அது மட்டும் உள்ள வரக்கூடாது. ரெண்டு நாள் போதும், அதுக்குள்ள என் மார்க்கை நானே போட்டுக்கறேன்.

கேட்டீங்களா, கரண்டி. நெட்டு போயிடுச்சு, அதான் தட்டறாரு. தம்பி, ஒரு உதவி. லைன்ல கோளாறு, சரியாக ரெண்டு நாளாகும்னு நீங்களே உள்ள போய் ஒரு வார்த்தை சொல்லிடுங்க. நான் சொன்னா மூஞ்சியைப் பாத்தே கண்டுபிடிச்சிடுவாரு. பேப்பர் திருத்தின ஆளு.