கடல்மாதாவுக்கு ஆகாது

— மறுபடியும் சொல்லு நைனா. என் மூஞ்சப் பாத்து சொல்லு.

— எத்தினி தபா சொல்றது வினி. நாளைக்கி போட்டுல நீ ஏறக்கூடாது. அவ்ளோதான். அந்த ஸ்பேனர இப்டி குடு. இன்ஜின் காலைலேர்ந்து பேஜாரு பண்ணிகினு கீது.

— காரணம் சொல்லு, ஸ்பேனர் தரேன்.

— பொம்பள ஏறுனா கடல்மாதா கோச்சிக்கும்.

— நாளைக்கி நடுக்கடல்ல எறக்கப்போறது இன்னான்னு தெரியுமா உனக்கு?

— தெரியாம இன்னா. மஞ்சக் கலர்ல, பெரிய பரங்கிக்கா மாதிரி. தண்ணி மேல மெதந்துகினே அலை எம்மாம் ஒசரம் வருதுன்னு கரைக்கி சொல்லும். நீ சொன்னதுதான.

— அந்த மிதவை நான் செஞ்சது நைனா. உள்ள இருக்குற ஒயரு ஒவ்வொண்ணும் என் கையால சால்டர் வெச்சது. அந்தப் பெரிய அலை வந்து நம்ம குப்பத்தையே வாரிகினு போனப்ப நான் காலேஜ்ல ஒக்காந்து பாடம் படிச்சிகினு இருந்தேன். அன்னிக்கி நெனச்சது இது. நாளைக்கி அதக் கடல்ல எறக்கிட்டு, சரியா நிக்கிதா, சிக்னல் ஒழுங்கா போவுதான்னு போட்டுலயே இருந்து பாக்கணும். பாத்து ரிப்போர்ட் குடுக்கறவங்கதான் இனிமே இந்த வேலைக்கே பொறுப்பு. நான் போவலன்னா ஷ்ரவண் போவான்.

— அந்தப் புள்ளையா? போன தபா ஏறி, நெம்மேலி தாண்டறதுக்குள்ள வாந்தி எடுத்து, ஐஸ்பொட்டி மேல படுத்துகினே வந்துச்சே.

— அவனேதான். நல்ல பையன், தப்பா சொல்லல. ஆனா எனக்கப்புறம் சேந்தவன். நான் செஞ்ச மிதவைய நான் தொடறதுக்கு நாளையிலேர்ந்து அவனாண்ட பர்மிஷன் கேக்கணும்.

— கேட்டா குடுக்க மாட்டானா இன்னா?

— நைனா.

— சரி, சரி. நீ கரையில நின்னுக்க. நான் அங்கேர்ந்து போன் போடறேன். அது எப்டி நிக்கிது, எப்டி ஆடுதுன்னு ஒண்ணு வுடாம சொல்றேன். நீ எழுதிக்க.

— வெளையாட்டா கீதா உனக்கு? இந்த ஒரு நாளுக்காக நான் பட்டது உனக்குத் தெரியாதா? பொம்பளைங்க கடலுக்குப் போவக்கூடாதுன்னு எங்க ஆபீஸ்ல ரூல் எதுவும் கெடையாது. ஆனா இதுவரைக்கும் ஒருத்தியும் போனதில்ல. கேட்டா, போட்டுல பாத்ரூம் இல்லம்பாங்க. அதுக்கு ஒரு வழி சொன்னேன். தொணைக்கு வேற பொம்பள இல்லன்னாங்க. லேபுலேர்ந்து மார்கரெட் மேடம் நான் வரேன்னாங்க. இன்சூரன்ஸ் இல்லன்னாங்க. செங்கல்பட்டுக்கு அலைஞ்சி அதையும் வாங்கினேன். கடைசியா எங்க காசிநாதன் சார்தான் ஹெட்டுன்ற முறையில கமிட்டி போட்டாரு. மீட்டிங்ல எழுந்து நின்னு, 'இனிமே இங்க ஆண் பெண் வித்தியாசம் கிடையாது, வினிதாதான் முதல்ல போறாங்க'ன்னாரு. எல்லாரும் கைதட்னாங்க. லேபுல இன்னும் ரெண்டு பொண்ணுங்க கீறாங்க நைனா. அக்கா நீங்க போயிட்டு வாங்க, அடுத்து நாங்க போறோம்னு சொல்லிகினு இருக்குதுங்க.

— தெரியும் கண்ணு. அன்னிக்கி மைசூர்பாக்கு வாங்கியாந்தியே.

— இன்னிக்கி மத்தியானம் அதே சார் கூப்பிட்டு அனுப்புனாரு. 'ஆபீஸ் பக்கம் ஒரு தடையும் இல்ல வினிதா. போட்காரர்தான் முடியாதுங்கறார். அதுவும் உங்க அப்பாவே. உங்க ஜனங்களோட நம்பிக்கைய நாங்க மதிக்கணும் இல்லியா'ன்னாரு. அவ்ளோ தன்மையா சொன்னாரு. எனக்கு நாக்கப் புடுங்கிக்கலாம்னு இருந்துச்சி. ஆபீஸ்ல யாரும் குறுக்க நிக்கல, எங்க வூடுதான் குறுக்க நிக்கிதுன்னு ஆயிடுச்சி. இனிமே எந்த மூஞ்சிய வெச்சிகினு நான் அங்க பேசுவேன்?

— இன்னா பண்ண சொல்ற என்னிய.

— சின்னப்போ என்னத் தூக்கி கட்டுமரத்துல ஒக்கார வெச்சது யாரு?

— அது கரையோரம்.

— கரையோரம்னா கடல்மாதா கண்ண மூடிக்குமா?

— இன்னாடி, அப்பனும் பொண்ணும் நடு மணல்ல நின்னுகினு கத்திகினு கீறீங்க? தெரு மொனை வரைக்கும் கேக்குது. திருக்கழுக்குன்றத்துலேர்ந்து பஸ்ஸுல நின்னுகினே வந்தேன், காலு ரெண்டும் வுட்டுப்போச்சி. இந்தக் கூடைய எறக்கு மொதல்ல.

— நீயே கேளும்மா. நைனா என்ன நாளைக்கி போட்டுல ஏத்த மாட்டேங்குது.

— இன்னாய்யா இது? எம்பொண்ணு கடலுக்குப் போறா, எம்பொண்ணு கடலுக்குப் போறான்னு போன வாரம்லாம் டீக்கடையில போறவன் வர்றவனயெல்லாம் நிறுத்தி வெச்சி சொல்லிகினு இருந்தியே.

— அது போன வாரம் சொர்ணம்.

— ஊருல எவனாச்சும் எதுனா சொன்னானா? பஞ்சாயத்துல கூப்ட்டு வுட்டாங்களா?

— ஒருத்தனும் ஒண்ணும் சொல்லல.

— பின்ன இன்னாவாம்?

— பொம்பள ஏறுனா கடல்மாதா கோச்சிக்குமாம்மா.

— யாரு கோச்சிக்கும்?

— கடல்மாதா.

— அது யாருடி அது? நமக்கு கங்கையம்மாதானே. இந்த ஆளக் கட்டிகினு வந்த நாள்லேர்ந்து இவரு வாயில அந்தப் பேர நான் கேட்டதே இல்ல. யோவ், எங்கேர்ந்து புட்ச்சாந்த இத? கல்யாணம் ஆன புதுசுல என்னிய கட்டுமரத்துல ஏத்திகினு போயி, மாபலிபுரத்து கோயிலு கடல்லேர்ந்து எம்மாம் அழகா கீது பாருன்னு காட்னியே. அன்னிக்கி எந்த மாதா கோச்சிகினா?

— சொர்ணம், கொஞ்சம் வாய மூடு.

— எதுக்கு மூடணும்? உன் பொண்ணு மூஞ்சியப் பாரு. சோறு துன்னாம கெடக்குது.

— எனுக்கு மட்டும் ஆசை இல்லியா? இது ஏறி ஒக்காந்தா கொடி கட்டிகினு ஓட்ட மாட்டேனா நான்? பெயிண்டு கூட வாங்கி வெச்சேன், போட்டு மூக்குல இது பேர எழுதலாம்னு. முடியல. வுட்ருங்க என்னிய.

— ஏன் முடியல? யாராச்சும் மெரட்னாங்களா நைனா?

— மெரட்டல. சிரிச்சிகினேதான் பேசுனாரு. பொண்ணுக்கு கடல்ல ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சின்னா யாரு பதில் சொல்றதுன்னாரு. வாடகைக்கு வேற போட்டு பாக்க வேண்டி வரும்னு ஒரு வார்த்த. அதுவும் தன்மையாத்தான். அந்த அலையில பழைய போட்டும் போச்சி, வலையும் போச்சி. இப்ப மீனு எங்க கீது? உங்க ஆபீஸ் ஆளுங்கள ஏத்திகினு போறதாலதான் நம்ம அடுப்பு எரியுது. உன் தம்பி கிஷோர வேற படிக்க வெச்சாகணும்.

— யாரு பேசுனது?

— கேக்காத கண்ணு. தெரிஞ்சா அந்த ஆபீஸுக்குள்ள நீ எப்டி நொழைவ?

— அப்ப எங்க ஆபீஸ் ஆளுதான். ஷ்ரவணா?

— அந்தப் புள்ளைய எதுக்கு இழுக்கற. பாவம், அதுக்கு கடலுன்னாலே பயம்.

— சொல்லாட்டி போ. நான் இப்பவே காசிநாதன் சார் வூட்டுக்குப் போறேன். எங்க நைனா மனசுல ஒண்ணும் இல்ல சார், யாரோ உள்ளயே இருந்து வேல பண்ணியிருக்காங்கன்னு சொல்றேன். அந்த ஆபீஸ்ல எனக்காக நின்ன ஆளு அவரு ஒருத்தருதான். அவருக்குத் தெரிஞ்சா சும்மா வுட மாட்டாரு. செருப்பு எங்கம்மா?

— அவராண்ட போவாத வினி.

— நீ ஏத்த வேணாம். அவரு சொன்னா ஏத்துவ இல்ல?

— போவாதம்மா. சொன்னா கேளு.

— ஏன்? ஏன் போவக்கூடாது?

— ஞாயித்துக்கெழம சாய்ங்காலம் வண்டிய ரோட்டாண்ட நிறுத்திட்டு, பூட்ஸக் கழட்டி கையில எடுத்துகினு இந்த மணல்ல நடந்து வந்தாரு உங்க சாரு. 'நான் வேணாம்னா தப்பாயிடும் தேசப்பன், நீங்க வேணாம்னு சொல்லிடுங்க. பொம்பள ஏறுனா கடல்மாதா கோச்சிக்கும்னு சொல்லுங்க. உங்க வாயால சொன்னா அவ நம்பிடுவா'ன்னாரு.