ஆணியில் மாட்டாத கேபிள்

ஆராய்ச்சி என்றால் முக்கால்வாசி கறுப்புக் காகிதம் சுற்றுவதுதான். துகள் இயற்பியல் என்றதும் வெளியில் இருப்பவர்கள் பெரிய பெரிய சமன்பாடுகளை நினைத்துக்கொள்கிறார்கள். எங்கள் பிளாஸ்டிக் தட்டில் ஒரு துகள் பாய்ந்தால் மினுக்கென்று ஒளி வரும். ஊசிமுனை ஓட்டை வழியாக வெளிச்சம் புகுந்தாலும் எல்லாம் கெட்டுவிடும். அதனால் சுற்றிக்கொண்டே இருப்போம். என் மாணவி லோகநாயகியைப் போல ஒரு சுருக்கம் விழாமல் சுற்றுகிறவர்களை நான் பார்த்ததில்லை.

ஆவடிப் பக்கம் இருந்த எங்கள் நிலையத்தை இடிக்கும்போது, என் மேசைக்கு அடியிலிருந்து சுவருக்குள் புகுந்து கீழே போகும் ஒரு கேபிள் கிடைத்ததாகச் சொல்கிறீர்கள். ஆமாம், நான் போட்டதுதான். கரையான்சாவடி வரை பஸ் ஏறி வந்து கேட்கிறீர்கள், ஒழுங்காகச் சொல்லிவிடுகிறேன். காபி ஆறுகிறது, குடியுங்கள்.

அது மண் மூடிய பழைய கிடங்கு. உள்ளே ஒன்றின் கீழ் ஒன்றாக மூன்று தட்டுகள். வானத்திலிருந்து வரும் சாதாரணத் துகள்கள் மூன்றையும் ஒரே நொடியில் கடந்துவிடும். நாங்கள் தேடியது வேறு. கனத்த துகள். கேஸ் சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு படியிறங்குகிறவனைப் போல, தட்டுக்குத் தட்டு தாமதித்து வர வேண்டியது. வந்தால் திரையில் மூன்று முகடுகள் இடைவெளி விட்டுத் தெரியும், கேமரா தானாகப் படம் எடுத்துக்கொள்ளும். உலகத்தில் யாரும் அதைச் சந்தேகமில்லாமல் பார்த்ததில்லை. நான் தலை நரைக்கும் வரை காத்திருந்தேன். எனக்கு ஒன்றும் வரவில்லை.

சனிக்கிழமைகளில் கருவியைச் சோதிப்போம். ஒரு சிறிய பெட்டி பொய்த் துடிப்பு அனுப்பும். தட்டுகள் சரியாக வேலை செய்கின்றனவா என்று பார்ப்போம். முடிந்ததும் பெட்டியின் கேபிளைக் கழற்றி, சுவரில் இருக்கும் ஆணியில் மாட்டிவிட வேண்டும். கடைசியாக வெளியேறுகிறவர் அதைப் பார்த்து, வாய்விட்டு "ஆணி" என்று சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் பெட்டியின் பொய்யை நிஜம் என்று படம் பிடித்துத் தொலைப்போம். இந்த வழக்கத்தைக் கொண்டுவந்தவனே நான்தான்.

லோகநாயகியின் அப்பாவுக்கு ஆவடித் தொழிற்சாலையில் வேலை, வீடு மண்ணூர்பேட்டையில். என்னிடம் ஆராய்ச்சிக்குச் சேர்ந்த இரண்டாம் வருடமே ஜெனீவாவில் இருக்கும் பெரிய ஆராய்ச்சிக்கூடத்தில் அவளுக்கு இடம் கிடைத்தது. எண்பத்து நான்கில் என்று நினைக்கிறேன். பால்கோவா கொண்டுவந்து நீட்டினாள். எனக்குக் கையொடிந்த மாதிரி ஆகிவிட்டது. அவள் போய்விட்டால் அந்தக் கிடங்கில் நான் தனியாக உட்கார்ந்திருக்க வேண்டும். அதனால் இன்னொரு பெட்டி செய்தேன். என் மேசைக்கு அடியில் வைத்து, அந்த வாரமே மூன்று துடிப்புகள் அனுப்பினேன்.

மூச்சிரைக்க மேலே ஓடி வந்தாள். "சார், வந்துடுச்சு சார். மூணு முகடு."

"ஒன்று வந்தால் போதாது. இன்னும் வர வேண்டும்" என்றேன். ஜெனீவாவுக்கு அவள் போகவில்லை.

நான் பேராசைக்காரன் இல்லை. தேவைப்பட்டபோது மட்டும் அனுப்பினேன். பாஸ்கரன் என்ற ஒரு நல்ல பையனோடு அவளுக்குக் கல்யாணம் பேசியபோது ஒன்று. அவள் அப்பா இறந்து, ஆராய்ச்சியை விட்டுவிடுகிறேன் என்று அவள் சொன்னபோது ஒன்று. அந்தப் படங்களைத் தட்டுகளுக்கு எதிர்ச் சுவரில் ஒட்டி வைத்திருந்தாள். காலையில் வந்ததும் அவற்றைத்தான் முதலில் பார்ப்பாள். அவ்வளவு சந்தோஷத்தை எந்த மாப்பிள்ளை கொடுத்திருப்பான்?

நான்கு படங்கள் சேர்ந்ததும் கட்டுரை எழுதினாள். பம்பாயிலிருந்து நிபுணர்கள் பார்க்க வந்தார்கள். முந்தைய நாள் மாலை கடைசியாக வெளியேறியவள் அவள்தான். "ஆணி" என்று அவள் சொன்னது என் காதில் தெளிவாக விழுந்தது. மறுநாள் விடிந்ததும் நான் முன்னால் போய், ஆணியிலிருந்த கேபிளை எடுத்துக் கருவியில் செருகி, சனிக்கிழமைச் சோதனைப் பெட்டியை முடுக்கிவிட்டேன்.

வந்தவர்களில் மூத்தவர்தான் கேபிள் செருகியிருந்ததைப் பார்த்தார். "நேற்று கடைசியாகப் போனது யார்?" என்று கேட்டார். லோகநாயகி என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"ஆணின்னு சொன்னேனே சார். உங்க காதுல விழலையா?"

"இல்லையேம்மா" என்றேன்.

நேற்று மறந்தவள் முன்பும் மறந்திருப்பாள் என்றார் அவர். நான்கு படங்களையும் சுவரிலிருந்து அவளே பிய்த்தாள். கொஞ்ச நேரம் கழித்து, "மறந்துட்டேன் போலருக்கு சார்" என்றாள். உண்மையிலேயே அப்படி நம்பினாள்.

பட்டமும் இல்லை, வேலையும் இல்லை என்றாகிவிட்டது. இப்போது ஐயப்பன்தாங்கலில் பள்ளிப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறாள். அவள் அம்மா ஜெகதாம்பாள் ஒருமுறை இங்கே வந்து அழுதார். "இன்னா சார் இது, எம் பொண்ணு கேஸ மூடினியா மூடினியான்னு பத்து தபா எந்திரிச்சுப் போயி பாத்துகினு கீது. ஊட்டப் பூட்டிகினு தெருமொனை வரிக்கும் போவுது, திரும்பி வந்து பூட்ட இஸ்த்துப் பாக்குது. நீங்க ஒரு வார்த்த சொன்னா கேக்கும் சார்." போய்ச் சொன்னேன். மறதி யாருக்கும் வரும், நான் உன்னை மன்னித்துவிட்டேன் என்றேன். என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

ஏன் செருகினேன் என்று கேட்கிறீர்கள். பொய் முடிவு உலகத்துக்குப் போகலாமா? விஞ்ஞானத்தை யாராவது காப்பாற்றத்தானே வேண்டும்? இத்தனை வருடமாக நான் எனக்குச் சொல்லிக்கொண்ட பதில் இதுதான். உங்கள் முகத்தைப் பார்த்தால் இது போதாது போலிருக்கிறது.

சரி. நான்கு படங்களையும் என் பெட்டிதான் அனுப்பியதா என்றீர்கள். மூன்றைத்தான் அனுப்பியது.

நான்காவது வந்தபோது நான் மஞ்சள் காமாலையில் இதே வீட்டில் படுத்திருந்தேன். மேசையும் என் பெட்டியும் இருந்த அறை பூட்டியிருந்தது, சாவி என் தலையணைக்கு அடியில் இருந்தது. லோகநாயகி படத்தை முந்தானையில் சுற்றி, கசங்காமல் கொண்டுவந்தாள். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். படத்தைப் பிரித்து நீட்டினாள்.

"சார், இது மத்த மூணு மாதிரி இல்ல. நடு முகடு மட்டும் கொஞ்சம் குட்டையா இருக்கு பாருங்க."

என் பெட்டிக்கு முகடுகளை ஏற்றத்தாழ்வாகப் போடத் தெரியாது. எல்லாம் ஒரே உயரம்தான். படத்தைக் கையில் வாங்கிப் பார்த்தேன். நடுமுகடு குட்டையாகத்தான் இருந்தது. கேபிளில் கோளாறா, ஒளி கசிந்ததா என்று என்னென்னவோ யோசித்துப் பார்த்தேன். ஒன்றும் ஒத்துவரவில்லை. ஆயுள் முழுக்கக் காத்திருந்தவன் நான். வந்தது அவளுக்கு. எனக்கு வயிறு பற்றி எரிந்தது, காமாலையால் இல்லை.

"நிஜந்தானே சார்?" என்று கேட்டாள்.

"பார்க்கலாம்" என்றேன்.

அவள் பிய்த்துப் போட்டவற்றில் அதை மட்டும் எடுத்து வந்தேன். உள்ளே இயேசுவின் திருஇருதயப் படத்துக்குப் பின்னால் இருக்கிறது. வேண்டுமானால் கொண்டுபோங்கள். மூன்று பொய்களையும் என் பேரில் எழுதிக்கொள்ளுங்கள், மறுக்கவில்லை. நான்காவதில் மட்டும் நான் கை வைக்கவே இல்லை.