சத்தம் போடாத கதவு

இதை நான் நேரில் கேட்கவில்லை. கேட்டது என் பெரியம்மா மகள். வேன் செய்யும் கம்பெனியில் அவளுக்கு வேலை. புது வேனின் பக்கவாட்டில் தள்ளித் திறக்கும் கதவை வரைந்தவள் அக்காதான். அந்த வேனுக்கு விளம்பரப் படம் எடுத்தபோது, முதலாளி பார்த்துக்கொண்டிருக்கையிலேயே கதவு சிக்கிக்கொண்டது. சரியான காரணம் சொல்லாவிட்டால் கதவும் போகும், வேலையும் போகும் என்று மறுநாள் காலை அவளை மேனேஜர் அறை வாசலில் உட்கார வைத்திருந்தார்கள். பக்கத்து நாற்காலியில் படத்தின் டைரக்டர். அக்கா யாரென்று அவருக்குத் தெரியாது. அவர் பேசியதை அக்கா சொன்னபடியே எழுதுகிறேன்.

“…விளக்குமாத்துக்குப் பட்டுக்குஞ்சம் கட்டுன்னா எப்படிம்மா கட்டறது? நீயே சொல்லு. ‘எங்க வேன்ல எல்லாமே வசதி சார், அந்த வசதியைக் காட்டுங்க சார்’ங்கறாங்க. மலையைக் காட்டலாம், கடலைக் காட்டலாம். வசதியை எப்படிக் காட்டறது? நான் கதை எழுதிட்டுப் போனேம்மா. பாலைவனம். ஒத்தை வேன். கூடவே ஒரு வெள்ளைக் குதிரை ஓடுது. மேனேஜர் கேக்கறார், ‘குதிரை எதுக்கு?’ன்னு. ரசனை இருக்கறவன் கேக்கற கேள்வியா அது? வேனோட தளம் தாழ்வா இருக்காம், வாஷிங் மிஷினை ஒரே ஆளு ஏத்திடலாமாம், அதைக் காட்டணுமாம். குதிரை நின்ன இடத்துல வாஷிங் மிஷின்… என் தலையெழுத்து.

நீ என்ன, இன்டர்வியூவுக்கு வந்தியா? சரி, சரி, உக்காரு. கிடைச்சிடும். டிசைன் பக்கம் மட்டும் போயிடாத.

ஏன்னா, அந்த வேனுக்குள்ள பை மாட்டக் கொக்கி வெச்சிருக்காங்கம்மா, வரிசையா. பார்க்கவே காய்கறிக்கடை மாதிரி. எல்லாத்தையும் கழட்டுன்னேன். ஏறி இறங்க ஒரு படி. அதை மறைச்சுக் கறுப்புத் துணி போடுன்னேன். இப்ப எடுத்ததைப் பார்த்துட்டு மேனேஜர் கேக்கறார், ‘கொக்கி எங்க சார், படி எங்க சார்’னு. இருந்தா அசிங்கமா இருக்காதா?

அது போகட்டும். அந்தக் கதவு இருக்கே, அந்தக் கதவு… அதை வரைஞ்சது ஒரு பொண்ணாம். கண்ணுல படட்டும், நாலு வார்த்தை நறுக்குனு கேக்கறேன். எப்பேர்ப்பட்ட ஷாட் தெரியுமா? அப்பா, அம்மா, ரெண்டு பசங்க, ஒரு நாய், மழையில ஓடி வராங்க. கை நிறையப் பை. முழங்கையால ஒரு தள்ளு, கதவு திறக்குது. ஏறினதும் மூடுது. மழை நிஜ மழையா? லாரித் தண்ணி. ரெண்டு ஆளு குழாயைப் பிடிச்சுக் கதவு மேலயே அடிச்சாங்க. காலையில ஆரம்பிச்சு மத்தியானம் வரைக்கும் நனைச்சோம். முதலாளி குடை பிடிச்சுட்டு நிக்கறார். குடும்பம் ஏறிச்சு, கதவு மூடிச்சு. அவ்வளவுதான். திறக்கல. வெளியில நாங்க இழுக்கறோம், உள்ள அப்பா உதைக்கறார், அம்மா மேக்கப் கலையக் கலைய அழறா. நாய் ஒண்ணுதான் சொன்னபடி நடிச்சுது. கடைசியில சீட்டை மடக்கிப் போட்டு, அது மேல தவழ்ந்து, பின்கதவு வழியா இறங்கினாங்க. முதலாளி மேனேஜரைப் பார்த்தார். மேனேஜர் என்னைப் பார்த்தார். நான் கதவைப் பார்த்தேன். வேற யாரைப் பார்க்கறது?

இப்ப என்னடான்னா, ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்னு மேனேஜர் என் காதுபடவே பேசறார். எனக்கா ஆடத் தெரியாது? சோப்புக்கு எடுத்திருக்கேன், மாத்திரைக்கு எடுத்திருக்கேன். சோப்பு என்னிக்காவது சிக்கியிருக்கா?

அந்தக் கதவுக்கு எவ்வளவு பார்த்துப் பார்த்துச் செஞ்சேன் தெரியுமா? தள்ளும்போது சர்ர்னு ஒரு சத்தம் வந்துச்சு. எனக்குப் பட்டுத்துணி நழுவற மாதிரி வேணும். கதவு ஓடற தண்டவாளம் வெளிப்பக்கம் இருக்கில்ல, பாத்திரம் தேய்க்கற மஞ்சள் ஸ்பாஞ்சை நானே, இந்தக் கையால, சன்னமா வெட்டி, அமுக்கி அமுக்கி அதுக்குள்ள சொருகினேன். தெரியக்கூடாதுன்னு மேல கறுப்பு டேப்பு. கதவு பூனை மாதிரிப் போச்சு. அந்தப் பொண்ணுக்கு வருமா இந்த யோசனை?

என்ன, தண்ணியா? ஆமா, மழை சீன்ல தண்ணி படாமலா இருக்கும்? பட்டா என்ன? ஸ்பாஞ்ச் தண்ணி குடிச்சா இன்னும் மெத்துனுதானே ஆகும்? மெத்துனு இருக்கற சாமானா இரும்புக் கதவை நிறுத்தும்? ஊறினா கொஞ்சம் உப்பும், அவ்வளவுதான். கொஞ்சம்னா… ஒரு ரெண்டு மடங்கு…

எங்கம்மா எழுந்துட்ட? உன்னை இன்னும் கூப்பிடலியே. அது முற்றத்துக்குப் போற வழி, வேனைத்தான் அங்க இழுத்துட்டு வந்து போட்டிருக்காங்க… இந்தா, பையை விட்டுட்டுப் போறியே…”

அக்கா டேப்பைக் கிழித்து, ஊறிய மஞ்சள் துண்டுகளைப் பிடுங்கிக்கொண்டு போய், சொட்டச் சொட்ட மேனேஜர் மேசைமேல் வைத்தாள். மேனேஜர் தாமே இறங்கிவந்து கதவைத் திறந்து மூடிப் பார்த்தார். மறுபடியும் திறந்தார், மூடினார். கதவும் பிழைத்தது, அக்காவின் வேலையும் பிழைத்தது.

ஒன்றை மட்டும் நான் பிறகு சரிபார்த்தேன். படத்துக்கு ஒலி சேர்த்தவரைத் தேடிப்போய்க் கேட்டேன். படம் எடுத்த அன்றைக்கு அங்கே மைக்கே கொண்டுபோகவில்லையாம். படத்தில் கதவு மூடும்போது கேட்கும் சத்தம், ஸ்டுடியோவில் கிடக்கும் பழைய ஃபிரிட்ஜ் கதவினுடையது.