எழுதுவதற்கு முன் முப்பது நொடி

விஜயராஜ் அண்ணாச்சிக்கு,

போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் அக்காவோடு கடைக்கு வந்தவர், டீ கூடக் குடிக்காமல் போய்விட்டீர்கள். மூன்று பேருக்கும் சேர்த்து ஃபிளாஸ்கில் போட்டு வைத்திருந்தேன். படியிறங்கும்போது ஒன்று கேட்டீர்கள்: "அந்த சாஃப்ட்வேரு அழிக்கதுக்கு முன்னால ஒரு வார்த்த கேக்காதா அண்ணாச்சி?" பார்த்துச் சொல்கிறேன் என்றேன். பார்க்க ஒன்றுமில்லை. அதை எழுதியவனே நான்தான். அக்கா பக்கத்தில் நின்றதால் அப்படிச் சொல்லி வைத்தேன்.

என் வேலை என்னவென்று முதலில் சொல்லிவிடுகிறேன். பழுதான ஹார்ட் டிஸ்க்கிலிருந்து உள்ளதை மீட்டுக் கொடுப்பது. டிஸ்க்கில் இருப்பதை அப்படியே ஒரே பெரிய கோப்பாக நகலெடுத்துக்கொண்டு, அந்த நகலில்தான் கை வைப்பேன். அதற்கு இமேஜ் என்று பெயர். இமேஜிலிருந்து எவ்வளவு வேகமாகப் படிக்க முடிகிறது என்று அளக்க ஒரு கருவி எழுதி வைத்திருக்கிறேன். படித்துப் பார்ப்பதால் யாருக்கும் நட்டமில்லை. எழுதும் வேகத்தை அளப்பது அப்படியல்ல. இமேஜின் மேலேயே எதையாவது எழுதித்தான் அளக்க வேண்டும், அடியில் இருந்தது போய்விடும். அதனால் அந்தச் சோதனையைச் சேர்க்காமல் இரண்டு வருடமாகத் தள்ளிப்போட்டு வந்தேன்.

மாசி மாதம் அக்கா அந்த லேப்டாப்பைப் பழைய சேலையில் சுற்றிக் கொண்டுவந்தார். மகள் இசக்கிச்செல்வி காய்ச்சலில் போய் அப்போது ஒன்பது மாதம். மதுரை ஹாஸ்டலில் இருந்து பிள்ளை எடுத்த வீடியோக்கள், பேசிப் பதிந்து வைத்தவை, எல்லாம் அதில்தான். அக்காவிடம் இருப்பது பட்டன் போன். வேறெங்கும் எதுவும் இல்லை. நகலெடுத்து முடித்த அன்றே அந்த டிஸ்க் செத்துப்போனது. அதில் என் தப்பு எதுவும் இல்லை, நம்புங்கள்.

வேலை பார்க்கும் தீப்பெட்டி ஆபீஸுக்கு அன்றுதான் லீவு என்பதால் அக்கா ஞாயிற்றுக்கிழமைதான் வருவார். எனக்கும் அன்றைக்குக் கடை அடைப்பு. அவருக்காகத் திறந்தேன். ஒரு வீடியோ, இல்லையென்றால் ஒரு குரல், அதையே நாலைந்து தடவை போட்டுப் பார்ப்போம். பிறகு சாயங்கால பஸ் வரைக்கும் பேசிக்கொண்டிருப்பார். ஒரு நாள் என் சட்டையில் பட்டன் தொங்குவதைப் பார்த்து, பையிலிருந்து ஊசி எடுத்துத் தைத்துக் கொடுத்தார். சட்டையைக் கழற்றக்கூட விடவில்லை. எனக்கு நாற்பத்து நாலு வயது. இந்த ஊரில் எல்லோருக்கும் நான் 'கம்ப்யூட்டர்காரர்'. உங்களைக் கூப்பிடுகிற மாதிரியே என்னையும் அவர் 'தம்பி' என்றார்.

மழை பெய்த வாரம் அக்காவின் செருப்பில் கரிசல் மண் அப்பிக்கொண்டு படியெல்லாம் தடம். புதன்கிழமை வரைக்கும் நான் அதைக் கழுவவில்லை.

வாரம் ஒன்றுதான் கிடைக்கிறது என்று அக்காவிடம் சொல்லியிருந்தேன். உண்மையில் மூன்றே நாளில் எல்லாம் கிடைத்துவிட்டது. நானூற்றுப் பன்னிரண்டு கோப்புகள், ஒன்றுகூடக் கெடவில்லை. இதைப் பொய் என்று நீங்கள் சொல்லலாம். மொத்தமாகக் கொடுத்திருந்தால் அக்கா ஒரே ராத்திரியில் அழுது தீர்த்திருப்பார். வாரம் ஒன்று என்பதால்தான் திங்கள் முதல் சனி வரை எதிர்பார்த்திருக்க ஏதோ ஒன்று இருந்தது. இரண்டு பேருக்கும்.

ஐப்பசியில் ஒரு ஞாயிறு, போகும்போது அக்கா சொன்னார்: "அடுத்த வாரம் விஜயராசு பெரிய டிஸ்க்கு வாங்கிட்டு வாரான் தம்பி. கெடச்சது, கெடைக்காதது எல்லாத்தையும் அதுல போட்டுக் குடுத்துருங்க. அவனுக்குத் தெரிஞ்சவிய மெட்ராஸ்ல இருக்காவளாம், மிச்சத்த அங்கன பாத்துக்கிடுதோம். ஒங்களுக்கும் எத்தன நாளு தொந்தரவு."

தொந்தரவு என்ற அந்தச் சொல் எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் கோபம் இல்லை. பயம்தான் இருந்தது. பிளாஸ்டிக் நாற்காலியை மடக்கி வைக்கப் போனவன், வைக்காமல் அதிலேயே உட்கார்ந்துகொண்டேன்.

செவ்வாய்க்கிழமை காலையில் கருவியில் எழுதும் சோதனையைச் சேர்த்தேன். இருபது வரிகூட வராது. எழுதிய வேலையைச் சரிபார்க்காமல் விடுகிற பழக்கம் எனக்கு இல்லை. சரிபார்க்கப் பெரிய இமேஜ் ஒன்று வேண்டும். ஒரு பள்ளிக்கூடத்தார் வேண்டாமென்று விட்டுப்போன இமேஜ் இருந்தது. காலியாகவே ஒன்று செய்துகொள்ளவும் ஐந்து நிமிடம் போதும். இசக்கிச்செல்வியின் இமேஜை எடுத்தேன்.

வேகம் நன்றாகவே வந்தது. ஆனால் ஒரு தடவை அளந்ததை வைத்து எதுவும் சொல்ல முடியாது, இரண்டு தடவை அளப்பதுதான் முறை. எந்த இமேஜுக்கும் நான் இரண்டு பிரதி வைப்பேன். இரண்டாவது பிரதி அலமாரியில் வேறொரு டிஸ்க்கில் இருந்தது. மத்தியானம் சாப்பிட்டுவிட்டு வந்து அதிலும் ஓட்டினேன். மூன்று நாளில் மீட்டவற்றை ஒரு ஃபோல்டரில் தனியாக வைத்திருந்தேன். சாயங்காலம் அதையும் துடைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை நடந்ததை நீங்களே பார்த்தீர்கள். பிரிக்காத புது டிஸ்க் டப்பாவோடு நீங்கள் நின்றீர்கள். சோதனை தவறிப்போய் எல்லாம் அழிந்துவிட்டது என்று நான் சொன்னதும் அக்கா அழவில்லை. என் முதுகைத் தடவிக்கொடுத்து, "நீங்க என்ன தம்பி செய்வீய, மெசினுதான" என்றார். அழுதது நான்தான். அந்த அழுகை நடிப்பில்லை அண்ணாச்சி. என் முதுகில் யாரும் கை வைத்து வெகுகாலம் ஆகியிருந்தது.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். கேட்கும். நான் அவ்வளவு அஜாக்கிரதையான ஆள் இல்லை. சோதனையைச் சேர்த்த அன்றே அதற்குப் பாதுகாப்பையும் எழுதினேன். எந்த இமேஜ் அழியப்போகிறதோ அதன் முழுப் பெயரையும் அடிக்க வேண்டும். அடித்த பிறகும் முப்பது நொடி காத்திருக்கும், மனசு மாறினால் ஒரு பொத்தானைத் தட்டி நிறுத்திவிடலாம். நொடிகள் திரையில் ஒவ்வொன்றாகக் குறையும். பிள்ளையின் பெயரைத்தான் இமேஜுக்கும் வைத்திருந்தேன். காலையில் ஒரு தடவை அடித்தேன், மத்தியானம் ஒரு தடவை. இரண்டு தடவையும் பூஜ்யம் வருகிற வரைக்கும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

இதை அக்காவிடம் சொல்வதும் சொல்லாததும் உங்கள் விருப்பம். சொன்னால் அவர் இந்தப் பக்கமே வரமாட்டார் என்று நினைக்கிறீர்கள். வருவார். சோதனைக்கு முன்னால் ஒரே ஒரு குரலை மட்டும் என் போனில் ஏற்றிக்கொண்டேன். பதினொரு நொடி. அக்கா இதுவரை கேட்காதது. 'எம்மா' என்று ஆரம்பிக்கிறது. மிச்சத்தை இங்கே எழுதப்போவதில்லை, அதை அவர் நேரில் கேட்பதுதான் நியாயம்.

வருகிற ஞாயிறு கடை திறந்திருக்கும். நீங்கள் வர வேண்டாம் அண்ணாச்சி. இரண்டு பேருக்குத்தான் டீ போடுவேன்.

பூவனநாதன்